அல்ஹாம்ப்ராவை ‘தோல்வி’ என்று மட்டும் எழுதாதீர்கள்

‘உறங்கும் அழகி’யை மேடையேற்றும் பாலே குழுக்களின் இயக்குநர்களுக்கும், அதற்குக் கையேடு எழுதுபவர்களுக்கும்,

வணக்கம். சைகோவ்ஸ்கியின் இந்தப் பாலேயைப் பார்க்க வருபவர்களுக்கு நீங்கள் தரும் கையேடுகளை விடாமல் படிக்கிறவள் நான். பலவற்றில் வரலாறு 1890-இல், ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகர மரியின்ஸ்கி அரங்கில், நடனம் அமைத்த பெட்டிப்பாவுடன் தொடங்குகிறது. அப்புறம் 1946 லண்டன் கோவென்ட் கார்டனுக்குப் போய்விடுகிறது. இடையில் 1921 வந்தாலும், ‘பாலே ரூஸ்’ குழுவின் தலைவர் தியாகிலெவ் இந்தப் பாலேயை லண்டனில் மேடையேற்றிக் கடனாளியானார் என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பகுதியை விரித்து எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

கடன் உண்மைதான். 1921 நவம்பர் 2 அன்று லண்டன் அல்ஹாம்ப்ரா அரங்கில் ‘உறங்கும் இளவரசி’ என்ற பெயரில் இந்தப் பாலே தொடங்கியது. பணம் போட்டவர் அரங்க உரிமையாளர் ஆஸ்வால்ட் ஸ்டோல். முதல் இரவே காடு வளரும் காட்சியில் மேடைப் பொறி மக்கர் செய்தது. ஒரே மாலையில் மூன்று சிறு பாலேக்கள், அவற்றிலும் புதுமை என்று லண்டனைப் பழக்கியவர் தியாகிலெவ்தான். அதே ரசிகர்களிடம் ஒரே பழைய பாலேயை நாள்தோறும் காட்டினால் எத்தனை பேர் திரும்ப வருவார்கள்? 105 காட்சிகளுக்குப் பிறகு 1922 பிப்ரவரி 4 அன்று நிறுத்தினார்கள். லியோன் பாக்ஸ்டின் அரங்க அமைப்பையும் உடைகளையும் கடனுக்கு ஈடாக ஸ்டோல் வைத்துக்கொண்டார். அதனால் பாரிஸுக்கு முழுப் பாலே போகவில்லை. கடைசி அங்கத்தை மட்டும் ‘அவ்ரோராவின் திருமணம்’ (அவ்ரோராதான் கதையின் இளவரசி) என்று, வேறு உடைகளோடு அங்கே ஆடினார்கள்.

ஆனால் அந்த மேடையில் யார் யார் நின்றார்கள் என்று பாருங்கள். 1890-இல் முதல் அவ்ரோராவாக ஆடிய கார்லோட்டா பிரியான்ஸா, இங்கே சபிக்கும் தேவதை கரபாஸாக வந்தார். 1890-இல் அந்தக் கரபாஸை ஆடியவர் என்ரிக்கோ செக்கெட்டி. அவரது ஐம்பதாண்டு மேடை வாழ்க்கையைக் கொண்டாட, 1922 ஜனவரியில் ஒரு மாலை அதே பாத்திரத்தை அவருக்குக் கொடுத்தார்கள். அவ்ரோராவாக மாறி மாறி ஆடிய ஸ்பெஸ்ஸிவ்ட்சேவா, ட்ரெஃபிலோவா, எகோரோவா, லோபொகோவா நால்வரும் பீட்டர்ஸ்பர்க் பள்ளியில் வளர்ந்தவர்கள். அந்த ஆண்டுதான் கீவ் நகரை விட்டு வெளியேறியிருந்த நடன அமைப்பாளர் நிஜின்ஸ்கா புது நடனங்கள் சேர்த்தார். 1890 முதல் அரங்கேற்றத்தில் வெட்டப்பட்ட இரண்டு பகுதிகளுக்கு இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி வாத்திய அமைப்பு எழுதினார். ஊரை விட்டு வந்தவர்கள் தங்கள் உடம்பிலும் நினைவிலும் வைத்திருந்த ஒரு மரபை அங்கே ஒன்றுகூடிக் காட்டினார்கள். இதைத் தோல்வி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

நிகோலாய் செர்கேயெவ் பற்றியும் சொல்ல வேண்டும். மரியின்ஸ்கியின் ரெஜிஸராக, அதாவது ஒத்திகைகளை நடத்தும் மேற்பார்வையாளராக, இருந்தவர். ரஷ்யப் புரட்சிக்குப் பின் நாட்டை விட்டு வரும்போது, நடன அசைவுகளைத் தாளில் குறிக்கும் ஸ்டெபனாவ் முறையில் எழுதப்பட்ட நடனக் குறிப்புகளைக் கையோடு கொண்டுவந்தார். பழகக் கடினமானவர், இசை நுட்பம் குறைந்தவர் என்று அவரோடு வேலை செய்தவர்கள் குறைப்பட்டதுண்டு. இருக்கட்டும். அல்ஹாம்ப்ராவில் பெட்டிப்பாவின் அடவுகளைத் திரும்ப அமைக்க உதவியவை அந்தத் தாள்கள். 1934-இல் லண்டனில் நினெட் டி வலுவா நடத்திய பாலே குழுவுக்கு அவற்றை வைத்தே ‘அன்ன ஏரி’யை அமைத்துக் கொடுத்தார். 1939-இல் மார்கோ ஃபொன்டேனை அவ்ரோராவாக வைத்து ‘உறங்கும் இளவரசி’யையும் அமைத்தார். உங்கள் கையேடுகள் கொண்டாடும் 1946 கோவென்ட் கார்டன் அரங்கேற்றம் அதிலிருந்து வளர்ந்ததுதான். இப்போது அந்தத் தாள்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 2015-இல் நடன அமைப்பாளர் ரட்மான்ஸ்கி அமெரிக்கன் பாலே தியேட்டர் குழுவின் ‘உறங்கும் அழகி’க்காக அவற்றைத்தான் பிரித்துப் படித்தார்; உடைக்கும் அரங்குக்கும் பாக்ஸ்டின் 1921 வடிவமைப்புகளே மூலமாயின.

சரி, நான் கேட்பது இதுதான். செர்கேயெவின் பெயரைப் போடும் குழுக்கள் சில உண்டு, அவர்களுக்கு நன்றி. போடாதவர்கள் பெட்டிப்பாவின் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் அச்சிடுங்கள். வரலாற்றுப் பகுதியில் 1921-க்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, கடனோடு சேர்த்து அன்று ஆடியவர்களின் பெயர்களையும் தாருங்கள். அவர்களை ரஷ்யக் கலைஞர்கள் என்று மட்டும் குறிக்காமல், ஏன் ஊரை விட்டு வந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். அடுத்த பருவத்துக்கான கையேடு அச்சுக்குப் போகும் முன் இதைச் செய்துவிட முடியும்.

அன்புடன்,
ஒரு பாலே ரசிகை