பெரிய எஞ்சின் போட்டாக் காணுமோ?

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கட பேப்பரில முழுப்பக்கத்துக்கு வந்த பிக்கப் கதையைப் பாத்திட்டுத்தான் எழுதுறன். பழைய பிக்கப் ஒண்டைக் கழட்டிப் பெரிய எஞ்சின் இறக்கி, பெரிய ரயரும் போட்டு வத்தின குளத்துக்குள்ள சேறடிச்சுக்கொண்டு போற படம். வடிவான படம், பொய் சொல்லக்கூடாது, என்ர கராச்சில வேலை பழகுற பெடியள் அதை வெட்டிச் சுவரில ஒட்டிவிட்டாங்கள். ஆனா அந்தக் கிழமை முழுக்க வாறவன் போறவன் எல்லாருக்கும் ஒரே கேள்விதான், அண்ணை எனக்கும் ஒரு எஞ்சின் மாத்தித் தாங்கோ எவ்வளவு முடியும் எண்டு. நீங்கள் எஞ்சினைப் பற்றி எழுதினது காணும், அதைச் சுத்தி மாத்தவேண்டியதைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே, செலவும் ஆபத்தும் அங்கதானே கிடக்கு.

பெடியளில பிழை இல்லை. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை, பிறகு ஆக்களுக்கெண்டு திறந்துவிட்டது 2025 பெப்ரவரியில, அதுக்குள்ள பழைய டபிள்கப்பின்ர விலை எங்கையோ ஏறிட்டுது, திறந்த பிறகும் வரியைக் கேட்டா வாங்கிற ஆசையே போயிடும். அப்ப இருக்கிற பழசைத்தானே திருத்தி ஓடவேணும். திருத்திறது எங்கட சனத்துக்குப் புதுசும் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில பெற்றோலை ஒரு சொட்டு காபரேற்றருக்குள்ள விட்டு ஸ்ரார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணையில ஓடின ஆக்கள் நாங்கள். எனக்குத் தொழில் பழக்கினவரும் அந்தக் காலத்து மெக்கானிக்தான்.

முதல் எஞ்சினையே எடுப்பம். பழைய ஹைலக்ஸில கனக்க இருக்கிறது 2எல் எஞ்சின், 2446 சிசி, 80 குதிரைவலுவைச் சுத்தித்தான் வரும். அதை எடுத்திட்டு 3எல் (2779 சிசி) இல்லாட்டி 5எல் (2986 சிசி) போடுறது பெரிய வேலை இல்லை, மூண்டும் ஒரே குடும்பம், மவுண்டிங்கும் பொருந்தும், கியர்பொக்ஸும் அப்பிடியே பொருந்தும். பெடியள் கேக்கிறது இதில்லை, 1கேஇசட் ரேர்போதான் வேணுமாம். 2982 சிசி, 125க்கு மேல குதிரைவலு, நல்ல எஞ்சின்தான், ஆனா அதுக்குப் பழைய கியர்பொக்ஸ் பொருந்தாது, அதின்ர கியர்பொக்ஸையும் சேத்து வாங்கவேணும், வாங்கினா கியர்பொக்ஸில இருந்து அச்சுக்குப் போற ஷாஃப்ட்டின்ர நீளம் மாறும், மவுண்டிங்கை வெட்டி ஒட்டவேணும், பின்னுக்கு வந்த ரீஈ மொடல் எண்டா வயரிங்கும் கொம்பியூட்டர் பெட்டியும் தனி. எல்லாத்துக்கும் மேலால அந்த எஞ்சின் சூடு தாங்காது, பழைய சின்ன றேடியேற்றரோட விட்டா சிலிண்டர் ஹெட் வெடிக்கும். கொழும்பில பழைய பார்ட்ஸ் விக்கிற பஞ்சிகாவத்தையில எஞ்சினுக்கு விலை பேசுறவன் றேடியேற்றரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டான்.

சரி, போட்டாச்சு எண்டு வைப்பம். சுரியில இழுக்குமோ? இஞ்சதான் எல்லாரும் ஏமாறுகினம். மாரியில மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் வயல் வரம்போட ஒரு லான்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லுக் கை ரக்ரர்) இரும்புச் சில்லோட போறதைப் பாருங்கோ, அதுக்கு இருக்கிறது ஒரு பத்துப் பன்னிரண்டு குதிரைவலு. அதே இடத்துக்குள்ள 125 குதிரைவலுவைக் கொண்டுபோய் விட்டா நிண்ட இடத்திலயே சில்லுச் சுத்தி அச்சுவரைக்கும் தாழுது. சேத்தில இழுக்கிறது கியரும் ரயரும் பாரமும்தான், எஞ்சின் அதுக்குப் பிறகு. பாரமான எஞ்சினை முன்னுக்கு வச்சா முன் சில்லுத்தான் முதல் தாழும், அதுக்கு முன் ஸ்பிரிங்கையும் மாத்தோணும்.

ரயரைப் பெருசாக்கினா எஞ்சினின்ர பலத்தில ஒரு பங்கை நீங்களே திருப்பிக் குடுக்கிறியள், இதைச் சொன்னா ஒருத்தரும் நம்பிறதில்லை. கணக்கு சின்னன். 28 அங்குல ரயர் இருந்த இடத்தில 31 அங்குலம் போட்டா சில்லு ஒரு சுத்துக்கு 11 வீதம் கூடத்தூரம் போகுது, எல்லாக் கியரும் 11 வீதம் உயர்ந்தமாதிரி. அச்சு நடுவில இருக்கிற டிஃப் (டிஃபரென்ஷல்) 4.1 எண்டு, அதாவது சில்லு ஒரு சுத்துக்கு ஷாஃப்ட் 4.1 சுத்து எண்டு இருந்தா பழைய இழுவை திரும்பி வாறதுக்கு 4.5க்கு மேல வேணும், ரொயோட்டாவில அதுக்குச் சரியா 4.556 எண்டு ஒரு செற் இருக்கு. அதை முன்னுக்கும் பின்னுக்கும் ரெண்டுக்கும் போடவேணும், ஒண்டை மட்டும் மாத்திப்போட்டு ஃபோர்வீலை விழுத்தினா ரெண்டு அச்சும் ஒண்டையொண்டு இழுத்து ஏதாவது ஒண்டு உடையும். உள்ளுக்க என்ன இருக்கெண்டு தெரியாட்டி ரெண்டு சில்லையும் தூக்கி வச்சிட்டு சில்லு ரெண்டும் சேந்து ஒரு சுத்து வரேக்க ஷாஃப்ட் எத்தினை சுத்து வருதெண்டு சோக்கால கோடு போட்டு எண்ணுங்கோ, காசு செலவில்லாத வேலை. ரயர் மாத்தினா ஸ்பீடோமீற்றரும் குறைச்சுத்தான் காட்டும், 60 எண்டு நினைச்சுக்கொண்டு ஏ9இல 66இல போவியள்.

இன்னொண்டு, கோவிக்காதேங்கோ, உங்கட படத்தில இருந்த பிக்கப்பின்ர முன் சில்லில ஃபோர்வீலுக்குப் பூட்டுற ஹப்பும் இல்லை, கீழ முன் அச்சும் தெரியேல்ல. எனக்கெண்டா அது ரூவீல் வண்டி. சேறு நல்லாத்தான் பறக்குது, பறக்கிறது பின்சில்லால மட்டும். எத்தினை குதிரைவலு எண்டு கேட்ட நிருபர் எத்தினை சில்லு இழுக்குதெண்டும் ஒருக்காக் கேட்டிருக்கலாம். டிமோ பட்டா எண்ட சின்ன லொறிக்கும் பெரிய எஞ்சின் இறக்கலாமோ எண்டு ஒருத்தர் வந்தவர், 702 சிசி ரெண்டு சிலிண்டர் வண்டி, பின்சில்லு மட்டும் இழுக்கும், அவரிட்ட நான் நல்ல ரெண்டு ரயர் வாங்கச் சொல்லி அனுப்பினன்.

இனி பிறேக். வேற எங்கையோ எஞ்சின் மாத்தின வண்டி ஒண்டை ஒருக்கா என்ர கராச்சுக்குக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தவை. வெல்டிங்கெல்லாம் பளபள எண்டு இருந்தது. ஆனா இப்பிடியான கன டீசல் எஞ்சினில, பெடலை லேசா மிதிக்க உதவுற பிறேக் பூஸ்ரருக்கு வாக்குவம் குடுக்கிறது ஒல்ரனேற்றருக்குப் பின்னால இருக்கிற சின்னப் பம்ப், எஞ்சின் மாத்தினவர் பம்ப் இல்லாத ஒல்ரனேற்றரைப் பூட்டி விட்டிருக்கிறார். வீட்டு வாசலில மெதுவா ஓடிப்பாக்கேக்க ஒண்டும் தெரிஞ்சிருக்காது, றோட்டில இறங்கினாப் பிறகு பெடல் கல்லு மாதிரி நிண்டிட்டுது, மிதிக்க மிதிக்க நிக்கேல்ல, முன்னால போன நெல்லு ஏத்தின ரக்ரர் பெட்டியில போய்த்தான் நிண்டிருக்கு. ஓடினவருக்குக் கை முறிஞ்சதோட போச்சு. கூடின வலுவை நிப்பாட்டவும் ஏதும் வேணுமெல்லோ, எஞ்சினுக்கு ஒரு லட்சம் எண்டா பிறேக்குக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கோ எண்டு கெஞ்சவேண்டிக் கிடக்கு.

தண்ணிக்கதையும் சொல்லோணும், 2018 டிசம்பர் வெள்ளத்தில கிளிநொச்சி முல்லைத்தீவுப் பக்கம் தண்ணிக்க இறங்கின வாகனங்களின்ர நிலைமை எங்களுக்குத் தெரியும். டீசலுக்கு பிளக் இல்லை அதால தண்ணிக்க நிக்காது எண்டு துணிஞ்சு இறக்கிறவை. காத்து இழுக்கிற குழாயால தண்ணி உள்ள போச்செண்டா தண்ணியை அமுக்க ஏலாது, பிஸ்ரனைப் பிடிச்சிருக்கிற கொன்ரொட் வளையும், முழு எஞ்சினும் போச்சு. மேல குழாய் தூக்கி வச்சவையும் டிஃப்பை மறந்துபோவினம். ஓடிச் சூடான டிஃப் குளிர்தண்ணிக்க இறங்கினா உள்காத்துச் சுருங்கித் தண்ணியை இழுக்கும், பிறகு எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்தில வரும். அச்சில காத்துப் போய்வாற சின்ன பிறீதருக்கு ஒரு ஹோஸ் பூட்டி மேல கொண்டந்து விட்டாச் சரி, சொற்பக் காசு.

எங்க ஓடுறது எண்டது அடுத்த பிரச்சினை. வெளிநாட்டு வீடியோவில காட்டுக்குள்ள விடுறாங்கள் எண்டு இஞ்சயும் விட ஏலாது. வன்னியில கண்ணிவெடி இன்னும் முழுக்க எடுத்து முடியேல்ல, கண்ணிவெடியைத் தடைசெய்யிற ஒட்டாவா ஒப்பந்தத்தில இலங்கை சேந்தது 2017இல, துப்பரவாக்கிறதுக்கு 2028 ஜூன் வரைக்கும் தவணை. சிவப்பு மண்டையோட்டுப் போர்ட் கண்டா அங்கால சில்லு வைக்கக்கூடாது, போர்ட் விழுந்து கிடக்கிற இடமும் இருக்கலாம், ஊராக்கள் போய்வாற பாதையை விட்டு இறங்காதேங்கோ. காட்டுக்க அனுமதி இல்லாமப் போனா முதிரை மரம் ஏத்த வந்தனியோ எண்டுதான் முதல் கேள்வி வரும். குளக்கட்டில ஏறி விளையாடுறது எனக்குத் துண்டறப் பிடிக்காது. முத்தையன்கட்டோ வவுனிக்குளமோ ஊரில இருக்கிற சின்னக்குளமோ, கட்டில சில்லுத்தடம் விழுந்தா அடுத்த மழைக்குத் தண்ணி அந்தத் தடத்தாலதான் அரிக்கும், கீழ வயல் வச்சிருக்கிறவன் ராத்திரி முழுக்க மண்மூட்டையோட நிக்கோணும். படத்தில அந்த வண்டி குளத்துக்குள்ள எந்தப் பக்கத்தால இறங்கினதோ தெரியாது, நீங்களும் அதைக் கேட்டு எழுதியிருக்கலாம்.

கடைசியா வாகனப் பதிவுப் புத்தகம். எஞ்சினை மாத்தினா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிச்சு புது எஞ்சின் இலக்கத்தைப் பதியவேணும், 1951ஆம் ஆண்டின்ர 14ஆம் இலக்கச் சட்டத்துக்குக் கீழ வாற விசயம் இது. கனபேர் இதைச் செய்யிறேல்ல, சும்மா இருந்திட்டுப் பிறகு விக்கப்போகேக்க இல்லாட்டி அடிபட்டு இன்சூரன்ஸ் கேக்கப்போகேக்கதான் முழிக்கினம், புத்தகத்தில ஒரு இலக்கம், எஞ்சினில வேற இலக்கம், களவெடுத்த எஞ்சினோ எண்டு பொலிஸ் கேட்டா என்னத்தைச் சொல்லுறது. எஞ்சின் வாங்கிற அண்டைக்கே பில்லையும், அது நாட்டுக்குள்ள வந்த பேப்பரின்ர கொப்பியையும் கேட்டு வாங்குங்கோ, பேப்பர் இல்லை ஆனா விலை குறைவு எண்டு சொல்லுறவனிட்ட வாங்கவே வேண்டாம்.

உங்களிட்ட நான் கேக்கிறது இதுதான். எஞ்சின் மாத்தின வண்டியைப் பாத்துப் பதியிறதுக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் ஒரு நடமாடும் சேவை வச்சா மறைச்சு ஓடுறவையில பாதிப்பேர் தாங்களாவே கொண்டருவினம், அதைப் பற்றி உங்கட பேப்பர் ஒருக்கா அழுத்தி எழுதட்டும். அதோட அந்தப் பிக்கப் கதைக்கு ரெண்டாம் பாகம் ஒண்டும் போடுங்கோ, றேடியேற்றர், டிஃப், பிறேக், புத்தகம் எல்லாத்துக்கும் உண்மையா எவ்வளவு முடிஞ்சதெண்டு அந்தப் பெடியனிட்டயே கேட்டு. என்னோட கதைக்க நிருபர் வாறதெண்டாலும் வரட்டும், வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் வேண்டாம், அண்டைக்கு விதைப்புக்குப் போற ரக்ரருகள் நிறைஞ்சு நிக்கும்.

இப்படிக்கு,
மல்லாவி றோட்டுக் கராச்காரன்