மச்சானுக்கு, பூசணிக்காய் விஷயமாக

கும்பகோணம்

அன்பு மச்சான்,

நாலு மாதமாகக் கடிதம் போடாதது என் தப்புதான். கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். உன் முழங்கால் எப்படி? சரி, குசலம் போதும். விக்கிப்பீடியாவில் ஒருவரோடு எனக்குச் சண்டை. பூசணிக்காய்க்காக. சிரிக்காதே, திருச்சி விடுதியில் நீ சிரித்ததே ஆயுசுக்கும் போதும்.

கண் தெளிந்த தெம்பில் தமிழ்க் கட்டுரைகளை அங்கங்கே திருத்திக்கொண்டிருந்தேன். ஒன்றில் பூசணிக்கு மஞ்சள் சதை என்று இருந்தது. பொறுக்குமா? அது பரங்கிக்காய். பூசணி வெள்ளை, திருஷ்டிக்கு உடைப்பது, காசி அல்வா கிண்டுவது. மாற்றினேன். அரை மணியில் பழையபடி ஆகிவிட்டது. மறுபடி மாற்றினேன், அவர் மறுபடி மீளமைத்தார். ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுத அங்கே ஒரு கட்டம் உண்டு. அதில் நான் எழுதிய காரணம்: 'சாப்பிட்டவனுக்குத் தெரியும்.' இரவு பதினொன்றே முக்கால் மணிக்கு! வரலாறு என்று தட்டினால் மணி நிமிஷத்தோடு இன்னும் நிற்கிறது. நாம் போட்ட சண்டைகளுக்கு இப்படி ஒரு பதிவு இருந்திருந்தால் என் மானம் என்ன ஆகியிருக்கும்!

கடைசியில் ஒரு நிருவாகி வந்து பக்கத்தைப் பூட்டினார், அதுவும் எதிராளியின் வாசகம் இருந்த நிலையில். துள்ளிக் குதித்தேன். பூட்டும்போது எது இருக்கிறதோ அது அப்படியே நிற்கும், அது தீர்ப்பு இல்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவாக இருந்தால் 24 மணி நேரத்தில் மூன்று தடவைக்கு மேல் மீளமைத்தவனுக்குத் தடையே விழலாம். நான் மூன்றோடு நின்றிருந்தேன், அதுவும் தூக்கம் வந்ததால்.

ஆறுதலுக்குப் பழைய வழக்குகளைப் படித்தேன். ஆங்கிலத்தில் தயிர்க் கட்டுரையின் தலைப்பு yogurt-ஆ yoghurt-ஆ, அந்த ஒரு 'எச்' வேண்டுமா வேண்டாமா என்று 2003 முதல் 2011 வரை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். போலந்தின் கதான்ஸ்க் நகருக்கு 2005இல் வாக்கெடுப்பே நடந்தது: 1308 முதல் 1945 வரையான காலத்தை எழுதும்போது ஜெர்மன் பெயரான டான்சிக், மற்ற காலத்துக்குக் கதான்ஸ்க். பெயரைத் தேதி போட்டுப் பங்கு பிரித்திருக்கிறார்கள், பாகப்பிரிவினை மாதிரி.

கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் எதிராளி எழுதினார்: 'எங்கள் வீட்டில் பூசணி என்றால் மஞ்சள்தான் ஐயா. நீங்கள் உடைப்பது நீற்றுப்பூசணி. மேலே நீறு பூசின மாதிரி இருக்கும்.' உங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆள்! எனக்குச் சுரீர் என்றது. நீ காய்ச்சலில் கிடந்தபோது கேட்ட கறி ஞாபகம் வந்தது. கடைவீதியெல்லாம் அலைந்து அன்று நான் தூக்கி வந்ததும் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷமும் தப்பு உன்னுடையது என்றே நம்பியிருந்தேன். மருமகளிடம் கேட்டால், வெள்ளைக்குத் தன் ஊரில் தடியங்காய் என்கிறாள். எந்தக் கோர்ட்டில் போய் நிற்பேன்?

ஒன்று சொல்லட்டுமா? நம் ரூம் வக்கீல் போனதிலிருந்து என்னை எதிர்த்துப் பேச ஆளில்லை. வீட்டில் எல்லோரும் 'சரிப்பா' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். முகம் தெரியாத அந்த மனிதர் எனக்குப் பொறுமையாக ஏழு தடவை பதில் எழுதியிருக்கிறார்.

முதலில் உன்னையும் உள்ளே இழுத்து, எனக்காக ஒரு வார்த்தை போடச் சொல்ல நினைத்தேன். ஆள் சேர்த்துக்கொண்டு வரக் கூடாதாம். தலையை எண்ணுவதில்லை, சான்றைத்தான் பார்க்கிறார்கள். இரண்டு காய்க்கும் தனித்தனிக் கட்டுரை, 'பூசணி' என்று தேடுகிறவரை எந்தப் பூசணி என்று கேட்டு அனுப்ப ஒரு வழிகாட்டும் பக்கம் என்பது வரை வந்திருக்கிறோம். வட்டார வழக்குக்கு மட்டும் 'சான்று தேவை' என்ற குறிப்பு தொங்குகிறது. உன் அலமாரியில் யாழ்ப்பாணத்துச் சமையல் புத்தகம் ஏதாவது இருந்தால் பெயர், பதிப்பு, பக்க எண் எழுதி அனுப்பு. அம்மாவின் நோட்டு செல்லாது, அச்சில் வந்தது வேண்டும். அவர் தரப்புக்கான சான்றுதான், தெரிந்தேதான் கேட்கிறேன். என் பரங்கிக்காய்க்கு நானே தேடிக்கொள்கிறேன்.

பக்க எண்ணை மறக்காதே. முழங்காலைப் பற்றியும் எழுது.

உன்
வெள்ளைப் பூசணி