கிசுமு போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சுகம். சபை வாலிபர் குழுவோடு நீ கென்யாவிலுள்ள கிசுமுவுக்கு ஊழியப் பயணம் போகப்போவதையும், செலவுக்கு உதவி கேட்டு உறவினர் எல்லோருக்கும் கடிதம் அனுப்பியதையும் பார்த்தோம். உன் சித்தப்பா அதைப் படித்துவிட்டு, "ஊழியமா, உல்லாசப் பயணமா?" என்று கேட்டார். கேட்ட கையோடு ஐயாயிரம் ரூபாயையும் எடுத்து நீட்டினார். அவர் சுபாவம் உனக்குத் தெரிந்ததுதானே. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. கடல் தாண்டி வந்தவர்களால் பிழைத்த ஊர் இது. ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். பேத்தி ஐடா 1870இல் நம் ராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய கதையை ஞாயிறு பள்ளியில் வருஷம் தவறாமல் உனக்குச் சொல்லியிருப்பார்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து கதவைத் தட்டியது, ஆண் டாக்டர் வேண்டாம் என்றது, விடிவதற்குள் மூன்று பெண்களும் பிரசவத்தில் இறந்துபோனது. சொல்கிறவர்கள் அந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. மறுநாளே மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் தெருவில் இறங்கவில்லை. அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய், மருத்துவம் படித்து, 1899இல் பட்டம் வாங்கிக்கொண்டுதான் வந்தார். வேலூரில் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு வேலை தொடங்கியது. 1918இல் நம் பெண்களையே டாக்டராக்கப் பள்ளி திறந்தார். கதவு தட்டிய இரவுக்கும் முதல் ஊசி போட்ட நாளுக்கும் நடுவே அவர் உட்கார்ந்து படித்த வருஷங்களை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

நீ போவது இரண்டே வாரம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு ஏற்ற வேலை எது என்று தெரிந்துகொண்டு போ என்கிறேன்.

என் செருப்புப் பட்டறை உனக்கு நினைவிருக்கும். வெட்டிப்போட்ட ரப்பர் துண்டுகளைப் பொறுக்கி விளையாடுவாய். நான் என்ன செய்தேன் என்று நீ முழுதாகக் கேட்டதே இல்லை. தொழுநோய் வந்தவர்களின் கை கால் விரல்களை நோயே தின்றுவிடுகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் ஆராய்ந்து சொன்னது வேறு. உணர்ச்சி மரத்துப்போவதால், முள் குத்தினாலும் நெருப்பு சுட்டாலும் தெரியாமல் போகிறது. அந்தக் காயம்தான் புண்ணாகி விரலைக் கொண்டுபோகிறது. ஆகவே மருந்துக்கு நிகராக அவர்களுக்குச் செருப்பு முக்கியம். பாதத்தைக் காகிதத்தில் வைத்து, பென்சிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரைவோம். உள்ளே எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர், கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி எழ வேண்டும். அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். பசையும் தையலும் மட்டும்தான். ஆணி ஒன்றுகூடக் கூடாது. கழன்று விழுந்தாலும் காலுக்குத் தெரியாது என்பதால் குதிகாலுக்குப் பின்னால் வார்.

ஒருமுறை வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்தது. நல்ல மனிதர்கள், பாட்டும் ஜெபமுமாக இருந்தார்கள். பெட்டி பெட்டியாகத் தோல் ஷூக்கள் கொண்டுவந்து, நோயாளிகளை வரிசையில் உட்காரவைத்து, தங்கள் கையாலேயே மாட்டிவிட்டார்கள். எல்லோர் கண்ணிலும் தண்ணீர். வாங்கியவர்களுக்கும் உண்மையாகவே சந்தோஷம்தான். எம்.சி.ஆர். செருப்பைப் பார்த்தாலே ஊரில் 'இவன் அந்த நோயாளி' என்று தெரிந்துவிடும். தோல் ஷூ போட்டால் நாலு பேரைப் போல நடக்கலாம். குடியாத்தம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மகளுக்கு மாப்பிள்ளை பேசப் போனபோது அதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடந்திருக்கிறார். அவர் திரும்பி வந்தபோது நான்தான் ஷூவைக் கழற்றினேன். காலுறை சதையோடு ஒட்டியிருந்தது. அவருக்கு வலிக்கவில்லை, சிரித்தபடி சம்பந்தம் முடிந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பின் பல வாரம் மாவுக்கட்டு. அந்தக் குழு அதற்குள் ஊர் திரும்பியிருந்தது. அவர்களிடம் இருந்த புகைப்படத்தில் அவர் இன்னும் புது ஷூவோடுதான் இருப்பார்.

அதே குழுவில் செருப்புத் தைக்கும் தொழில் தெரிந்த ஒரு முதியவர் இருந்தார். அவர் மட்டும் முதல் நாளே பட்டறைக்கு வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "என்ன வேலை கொடுக்கிறாய்?" என்று சைகையில் கேட்டார். இருந்த நாள் முழுக்க வார் வெட்டிக் கொடுத்தார். கடைச்செருப்பைப் போலவே தெரியும்படி வாரைப் போடும் முறை ஒன்றையும் சொல்லிக்கொடுத்தார். அவர் பெயர்கூட எனக்குச் சரியாக வாயில் நுழையவில்லை.

உங்கள் குழு பழைய துணி சேர்ப்பதாக எழுதியிருந்தாய். அந்த ஊர்க்காரர்கள் கேட்டார்களா? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கழித்துப்போட்ட துணி மூட்டை மூட்டையாகப் போய் இறங்கும் நாடு கென்யா. நைரோபியில் கிகோம்பா என்று அதற்கென்றே பெரிய சந்தை இருக்கிறது. சென்னையிலிருந்து நீங்கள் பெட்டிக்குப் பணம் கட்டி அங்கே பழந்துணி கொண்டுபோவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். அந்த ஊர்ப் போதகருக்கு ஒரு வார்த்தை எழுதிக் கேளுங்கள். அவர் ஏதாவது கேட்டால் அதைக் கொண்டுபோங்கள். ஒன்றும் வேண்டாம் என்றால் பெட்டி இலேசாக இருக்கட்டும்.

அவர்களுக்குச் சுவிசேஷத்தை நீங்கள்தான் முதலில் கொண்டுபோவதாக உன் கடிதத்தின் தோரணை இருந்தது. அந்த நாட்டில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், பாப்பா. கிராஃப் என்ற ஜெர்மானிய மிஷனெரி மொம்பாசாவில் வந்து இறங்கியது 1844இல். நம் ஆற்காடு மிஷனுக்கு ஒன்பது வருஷம் முந்தி. போய்ச் சேர்ந்ததும் அவர்கள் ஆராதனையில் பின்வரிசையில் உட்கார். மணிக்கணக்கில் நீண்டாலும் கைக்கடிகாரத்தைப் பார்க்காதே.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்; நீங்கள் இரண்டு வாரம் தங்குகிறீர்கள். அத்தனை பேருக்கும் தண்ணீர் சுமந்து உகாலி கிண்டுவது அந்தச் சபைப் பெண்களாகத்தான் இருக்கும். உகாலி என்பது மக்காச்சோள மாவுக் களி. நம் கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவளுக்கு அது இறங்காமல் போகாது. கோழி அடித்துக் குழம்பு வைத்தால் மறுக்காமல் சாப்பிடு. உன் தட்டை நீயே கழுவு.

வி.பி.எஸ். என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் வைக்காதே. பட்டறையில் மடங்கிய கைகளை நீட்டச் சொல்லிப் படம் எடுத்தவர்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. எந்தப் பிள்ளையிடமும் "அடுத்த வருஷம் வருவேன்" என்றும் சொல்லாதே.

இனி காரியத்துக்கு வருகிறேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்டதற்குத் தரும் அட்டை பத்து நாள் கழித்துத்தான் செல்லும். அட்டை இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் விமான நிலையத்திலேயே பிடித்துத் தனியே வைத்துவிடுவார்கள். கிசுமு விக்டோரியா ஏரிக்கரையில் இருப்பதால் மலேரியா அதிகம். மாத்திரையைத் திரும்பி வந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரை விழுங்கு. நீ பாதியில் நிறுத்துகிற ஆள். பயண அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது போகிற காரணத்தை உள்ளபடி எழுதச் சொல்.

அம்மா ஆற்காடு மக்கன் பேடா கட்டித் தருகிறேன் என்கிறாள். பாகு ஒழுகிப் பெட்டி பாழாகும் என்றேன், கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை காட்பாடிக்கு வந்தால் நீயே அவளிடம் பேசிக்கொள். டிக்கெட்டுக்கு இன்னும் எவ்வளவு குறைகிறது என்றும் எழுது. சித்தப்பாவிடம் மறுபடி கேட்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா