பழைய லேப்டாப்பை எடைக்குப் போடுமுன்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் என் மகள் வாங்கிய லேப்டாப்பில் மதர்போர்டு (எல்லா பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகை) போய்விட்டது. "காயலான் கடைக்குத்தான்" என்றார் மெக்கானிக். அடிமூடியைத் திருப்புளியால் கழற்றிப் பார்த்தேன். உள்ளே, கோப்புகளைச் சேமித்து வைக்கும் 2.5 அங்குல ஹார்டு டிஸ்க் (சாட்டா என்ற இணைப்பு வகை) நல்லபடியாக இருந்தது. அதற்கான யுஎஸ்பி உறை (டிஸ்கை உள்ளே வைத்து கேபிளால் வேறு கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்கி, இன்னொரு கணினியில் செருகியதும் வேலை செய்தது. கேபிள் வழியே வரும் மின்சாரமே போதும். மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க் என்றால் தனி அடாப்டர் வேண்டும். மகளின் ஆண்டுவிழாப் படங்கள் அத்தனையும் அப்படியே!

செருகியதும் கணினி 'ஃபார்மட் செய்யவா?' (டிஸ்கைத் துடைத்துப் புதிதாக்கவா?) என்று கேட்டால் அவசரப்பட்டு சரி கொடுத்துவிடாதீர்கள். டிஸ்கில் டக் டக் என்று சத்தம் வந்தால் அதை நம்பவே வேண்டாம். அப்புறம், வெறுமனே டெலீட் செய்த கோப்புகளைப் பிறர் மீட்டுவிட முடியும். எடைக்குப் போடுகிறவர்கள் கவனிக்க. மாவட்ட நூலகங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் செய்து காட்டினால் என்ன?

— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கும்பகோணம்