ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையிலிருந்து மகளுக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா நலம். தம்பிக்குப் பரீட்சை முடிந்தது. மலையில் பனி உருகி, இன்ஷ் பக்கத்துப் புல்வெளியெல்லாம் ஸ்பே ஏறி நிற்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

புத்தாண்டுக்கு வந்தவள் ஃபிடிலை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, மறந்திருப்பாள் என்கிறாள் அம்மா. சரி. ஹீட்டர் பக்கம் இருக்க வேண்டாமென்று அலமாரியின் மேல் வைத்திருக்கிறேன்.

போன வாரம் ஊர் மண்டபத்தில் ஒரு கூட்டம். பெரிய வரைபடத்தை விரித்துப் போட்டு, ஆற்றோரத்துப் பெயர்களை இங்கத்துப் பழைய மொழியான கேலிக்கில் எழுதச் சொன்னார்கள். கிங்யூசி என்றால் பைன் காட்டின் தலைப்பக்கம், கின்கிரெய்க் என்றால் பாறையின் தலைப்பக்கம். இதெல்லாம் பள்ளிவிட்டு வந்து நீ எனக்குச் சொன்னதுதான். நானும் இரண்டு பெயர் எழுதினேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒரு மடுவின் பெயரைச் சொன்னார். எந்த வரைபடத்திலும் அது இல்லையாம். அவர் தாத்தா மீன் பிடித்த இடம். வீட்டில் கேலிக் பேசி வளர்ந்தவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் இப்போது அரிது. அந்தப் பெயரை ஒரு சின்னப் பையன் எழுத்துக்கூட்டி எழுதியபோது எனக்கு உன் ஞாபகம்.

அப்புறம் இசை. முழுக்க ஸ்ட்ராத்ஸ்பேதான், இந்த ஆற்றின் பள்ளத்தாக்குப் பெயரையே வாங்கிக்கொண்ட தாளம். குறிலும் நெடிலுமாக அது வெட்டி விழும்போது மண்டபம் முழுக்கக் கால் தட்டியது. 1814இல் பொறியாளர் டெல்ஃபோர்ட் கிரெய்கெல்லாக்கியில் கட்டிய பாலத்துக்கு ஃபிடில் கலைஞர் வில்லியம் மார்ஷல் போட்ட மெட்டையும் வாசித்தார்கள். மார்ஷல் ஃபாக்கபர்ஸில், இதே ஆற்றின் கீழ்ப்பக்கம் பிறந்த மனிதர். 1829 வெள்ளம் எத்தனையோ பாலங்களை அடித்துக்கொண்டு போனது. அந்தப் பாலம் நின்றது. வாசித்த பெண் நன்றாகத்தான் வாசித்தாள். ஆனால் அந்த வெட்டு உன் வில்லில் விழுவது போல விழவில்லை. அப்பா என்பதால் சொல்லவில்லை, கேட்ட காது சொல்கிறது.

மகள் வரவில்லையா என்று எல்லோரும் கேட்டார்கள். வேலை அதிகம் என்றேன். வேறு என்ன சொல்வது? நீ போனை எடுப்பதில்லை. அம்மா அனுப்பும் செய்திக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் வருகிறது. அது பதிலா?

வேலை விஷயத்தை நான் கேட்கவில்லை. வாடகைக்குத் தேவைப்பட்டால் சொல்லும்மா, அவ்வளவுதான். நேரத்துக்குச் சாப்பிடு. இரவு வெகுநேரம் விழித்திருக்காதே.

கோடையில், பிள்ளைகளுக்குக் கேலிக் இசை சொல்லித்தரும் ஃபேஷ் நடக்கும். 1981இல் பாரா தீவில் யாரோ சிலர் ஆரம்பித்தது இந்த ஆற்றங்கரை வரை வந்ததால்தான், மதுரைக்காரன் மகளுக்கு இரவலாக ஒரு ஃபிடில் கிடைத்தது. யார் பிள்ளை என்று ஒருவரும் கேட்கவில்லை. சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நீ வந்தால் அவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். வற்புறுத்தவில்லை. ஆனால் கையை விட்டால் விரல் மறந்துவிடும், அது உனக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை க்ளாஸ்கோவில் எனக்கு ஒரு மீட்டிங் இருக்கிறது. மதியத்துக்குள் முடிந்துவிடும். ஃபிடில் பெட்டியைக் கையோடு கொண்டுவரவா, இங்கேயே இருக்கட்டுமா? எதுவானாலும் பரவாயில்லை, ஒரு வரி எழுது. அம்மா சாம்பார்ப் பொடி இடித்து வைத்திருக்கிறாள், அதை எப்படியும் கொண்டுவருவேன். ஸ்டேஷனுக்கு வர முடியாவிட்டால் நானே வீட்டுக்கு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா