அளவைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் வட்டாரத்தில் ஸ்கேன் மையம் நடத்தும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்குச் சர்க்கரை வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. கிட்னியில் உப்பு ஏறியிருக்கிறது என்று சொல்லி நான்கு ஆண்டுகள். சீட்டுகளையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டுப் பீரோவின் மேல் வைத்திருக்கிறோம். போன மாதம் புதிதாகப் பார்த்த சிறுநீரக மருத்துவர் பழைய ஸ்கேனைக் கேட்டார். பையைக் கொட்டினேன். முதல் படம் நம்மூர் வெயிலில் வெளுத்து, எது சிறுநீரகம், எது கல்லீரல் என்றே தெரியவில்லை. அறிக்கையில் ஒரே வரி: 'இரு சிறுநீரகங்களும் இயல்பான அளவு.' எத்தனை சென்டிமீட்டர்? அதைக் காணோம். அடுத்த ஆண்டு வேறொரு மையத்துச் சீட்டு. அதிலும் எண் கிடையாது. மருத்துவர் இரண்டையும் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் மருத்துவம் படித்தவன் அல்லன். அம்மாவுக்காகத் தேடிப் படித்தவன். பெரியவர்களுக்குச் சிறுநீரகம் ஏறத்தாழ 9 முதல் 12 செ.மீ. நீளம். நோய் நாட்பட்டால் பெரும்பாலும் சுருங்கும், புறணி, அதாவது அதன் வெளி அடுக்கு, மெலியும். 11 செ.மீ. இருந்தது 9.5 ஆனாலும் உங்கள் கணக்கில் இரண்டும் 'இயல்பு'தான். குறைந்த அந்த ஒன்றரை சென்டிமீட்டரை அந்தச் சொல் விழுங்கிவிடுகிறது. அளக்கும் கை மாறினால் சில மில்லிமீட்டர் மாறும் என்பதும் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் எண் வேண்டும் என்கிறேன்.

ஸ்கேன் ஒன்றே சோதிடம் சொல்லிவிடாது. சர்க்கரைக்காரர்களுக்கு உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும்போதே சிறுநீரகம் சுருங்காமல், பெருத்துக்கூட இருக்கலாம். இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் எவ்வளவு என்று பார்த்தே ஆக வேண்டும். பரம்பரையாக வரும் நீர்க்கட்டி நோயில்தான் படத்துக்கு முதல் மரியாதை: எம்.ஆர்.ஐ.யில் சிறுநீரகங்களின் மொத்தக் கன அளவை அளந்து, வயதோடு சேர்த்துப் பார்த்து, யாருக்கு வேகமாக முற்றும் என்று கணிக்கிறார்கள். 2016-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மருந்துச் சோதனைகளுக்கு அதை முன்கணிப்பு அளவுகோலாக ஏற்றது. இப்போது அல்ட்ராசவுண்ட் படங்களைக் கணினிக்குப் பழக்கி, அதிலிருந்தே சிறுநீரகத்தின் செயல்திறனை மதிப்பிடவும் முயல்கிறார்கள். நோய் போகும் போக்கைச் சொல்ல ஒரே ஆளின் பல ஆண்டுப் படங்கள் வேண்டும். எங்கள் மஞ்சள் பையை வைத்துக்கொண்டு எந்தக் கணினிக்கு எதைக் கற்றுக்கொடுப்பது?

இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971-இல் நடந்தது இதே வேலூரில். வங்காளத்திலிருந்து நோயாளிகள் காட்பாடியில் ரயில் இறங்குகிறார்கள். உள்ளூர்க்காரியான அம்மாவின் சீட்டில்தான் எண் இல்லை.

இரு பக்க நீளம், புறணியின் தடிமன், போன முறை இருந்த அளவு. எழுத இரண்டு வரி போதும். படத்தைக் கைபேசிக்கும் அனுப்பிவிட்டால் வெயில் ஒன்றும் செய்யாது.

அம்மாவுக்கு அடுத்த ஸ்கேன் தை பிறந்ததும். பழைய சீட்டுகளைக் கொண்டுவருவேன். அறிக்கை எழுதும் முன் ஒருமுறை பாருங்கள் என்று கேட்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து ஒரு மகன்