குப்பைக்குத் தீ வைப்பதை நிறுத்துங்கள்: எமது பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கைவிடப்பட்ட கிரவல் கிடங்கில் சபை கொட்டிவரும் குப்பைக்குப் பொழுதுபட்டதும் தீ வைக்கப்படுவது பற்றி நான் புதிதாக எதையும் அறிவிக்க வேண்டியதில்லை. கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கடிதமும் பாடசாலை அதிபரின் கடிதமும் தங்கள் கோப்பில் இருக்கின்றன. ஆகவே, கடந்த கிழமை நடந்த சந்திப்பில் எமக்குக் கிடைத்த பதிலிலிருந்தே தொடங்குகிறேன். புகையால் ஊர் படும் பாட்டைப் பெண்கள் சொல்லி முடித்ததும், சபையின் சார்பில் பேசியவர், "காற்றடித்தால் புகை போய்விடும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார். சந்திப்பு அதோடு முடிந்தது. அன்று இரவும் கிடங்கு எரிந்தது.

இந்த மடலை எழுத வைத்தது அந்தப் பதில்தான். நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன். சடப்பொருள் அழிவதில்லை, உருமாறுகிறது என்பதைத்தான் இரசாயனத்தின் முதற்பாடமாகப் பிள்ளைகளுக்குப் படிப்பித்து வந்தேன். கிடங்கிலிருந்து கிளம்பும் புகையும் அழிந்துபோவதில்லை. அது முதலில் எங்கள் வீடுகளுக்குள் வருகிறது, பிறகு எங்கள் வயலிலும் புல்லிலும் படிகிறது, மிச்சம் இன்னொரு ஊரின் மூச்சுக்குள் போகிறது.

தை, மாசி மாதங்களில் வானம் வெளித்திருக்கும் இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழந்துவிடுகிறது. நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழேயே கிடக்க, அதற்கு மேலே சூடான காற்று சட்டிக்கு மூடி போட்டதுபோல அமர்ந்துகொள்கிறது. வெப்ப நேர்மாறல் என்று நாங்கள் படிப்பிப்பது இதைத்தான். பகலில் எரித்தால் புகை தெரியும், முறைப்பாடு வரும் என்று எண்ணியோ என்னவோ, பொழுதுபட்ட பின்னர் தீ வைக்கிறார்கள். புகை மேலெழுந்து கலைந்துபோக மிகக் குறைந்த வாய்ப்புள்ள நேரம் அதுதான். விடிந்து வெயில் ஏறும்வரை அது முழுவதும் ஊருக்குள்ளேயே நிற்கிறது. பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளைகள் அதற்குள்ளால்தான் சைக்கிள் உழக்கிப் போகிறார்கள்.

கிடங்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் அம்மா இருக்கிறார். 2009 இல் நெஞ்சில் பாய்ந்த செல் துண்டொன்று இன்றும் அவருடைய சுவாசப்பையை ஒட்டிக் கிடக்கிறது. எடுப்பது ஆபத்து என்று வைத்தியர்கள் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த காசுக்குச் சுவரும் கூரையும் எழுந்தன, யன்னல்களுக்குக் கதவு போடக் காசு மிஞ்சவில்லை. உரப்பையைப் பிரித்து யன்னல்களை மறைத்திருக்கிறார். சுவருக்கும் கூரைக்கும் இடையில் கை நுழையும் அளவுக்கு வெளி இருக்கிறது. எரிக்கும் இரவுகளில் ஈரச் சேலையை யன்னலில் தொங்கவிட்டுப் பார்த்தார். விடியும்போது சேலையில் கரி படிந்திருந்தது, இருமல் நின்றபாடில்லை. இப்போது, கிடங்குப் பக்கம் வெளிச்சம் தெரிந்தவுடனேயே பாயையும் தலையணையையும் மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு, பேத்தியைக் கையில் பிடித்தபடி, அடுத்த குறிச்சியிலுள்ள தங்கை வீட்டுக்கு நடக்கிறார். விடியற்புறம் திரும்பி வந்து மாட்டை அவிழ்க்கிறார். ஊர் ஊராக மூட்டை தூக்கி ஓடி, முகாமில் கிடந்து, பற்றை மண்டிய காணியைத் துப்புரவாக்கிக் குடியேறிய ஒருவரை, அவர் தெரிவுசெய்த சபையே இரவில் இடம்பெயர வைக்கிறது. இதைப் பொறுத்துக்கொள்ளும்படி எந்த முகத்தோடு அவரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் குவியலில் எரிவது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். சந்தைக் கழிவும் சாப்பாட்டுக் கடைக் கழிவும் ஈரமானவை. ஈரக் குப்பை சுவாலை விட்டு எரியாது, நாட்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். ஒட்சிசன் போதாமல் நடக்கும் அந்தத் தகனத்தில் காபனோரொட்சைட்டும் கரித்துணிக்கைகளும் பெருமளவில் வெளிவருகின்றன. காபனோரொட்சைட்டு குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட ஏறத்தாழ 200 மடங்கு இறுக்கமாகப் பிணைந்துகொள்வதால், ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கும் ஒருவருக்குக் கிடைக்கும் கொஞ்ச ஒட்சிசனையும் அது பறித்துவிடுகிறது. 2.5 மைக்கிரோமீற்றரிலும் சிறிய துணிக்கைகள், அதாவது தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கானவை, மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் சுவாசப்பையின் அடிவரை செல்கின்றன. சொப்பின் பை, லஞ்ச்சீற், ரெஜிபோம் பெட்டி எல்லாம் அந்தக் கரிப்புகையைக் கூட்டுகின்றன.

இவற்றோடு பி.வி.சி. குழாயும் வயர் உறையும் சேர்ந்து எரியும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரீன். ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தன் தொழிற்சாலையில் குளோரீன் தயாரித்த காலத்தில் அங்கு வேலை செய்த பெரியவர்கள் எங்களிடையே இன்னும் இருக்கிறார்கள். அதைக் கையாள எத்தனை கவனம் வேண்டும் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். பி.வி.சி. எரியும்போது அந்தக் குளோரீன் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் ஐதரசன் குளோரைட்டாக வெளிவருகிறது, அதில் ஒரு சிறு பங்கு டயொக்சின்களாகவும் மாறுகிறது. டயொக்சின் மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. இலகுவில் சிதையாது, புல்லில் படியும், புல்லை மேயும் மாட்டின் கொழுப்பில் சேரும், பாலில் வரும். அந்தக் கிடங்கைச் சுற்றித்தான் எங்கள் மாடுகள் மேய்கின்றன என்பதைத் தாங்கள் அறிவீர்கள். டயொக்சின் போன்ற நஞ்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டொக்ஹோம் சமவாயத்தில் இலங்கையும் ஒரு தரப்பு. குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதை அந்த நஞ்சின் மூலங்களில் ஒன்றாக அச்சமவாயம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

நாங்கள் சட்டத்துக்கு அப்பாற்பட்ட சலுகை எதையும் கேட்கவில்லை. பிளாஸ்ரிக் உட்பட்ட குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பது, 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2017 இல் வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டது. அந்தத் தடை வீட்டு வளவில் சருகோடு பொலித்தீனையும் கொளுத்தும் குடும்பத்தைக் கட்டுப்படுத்துவதுபோலவே சபையையும் கட்டுப்படுத்தும். காற்றிலுள்ள 2.5 மைக்கிரோமீற்றர் துணிக்கைகள் 24 மணிநேரச் சராசரியில் கன மீற்றருக்கு 50 மைக்கிரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது எமது நாட்டின் நியமம். உலக சுகாதார ஸ்தாபனம் 2021 இல் வெளியிட்ட வழிகாட்டலில் அது 15 தான். எங்கள் ஊரில் அளக்கும் கருவி இல்லை. கருவி இல்லாத இடத்தில் மாசும் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் எனத் தாழ்மையுடன் கேட்கிறேன்.

2022 மார்கழியைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மண்டூஸ் புயல் வங்கக் கடலில் நின்ற அந்த நாட்களில், இந்தியப் பெருநிலத்திலிருந்து வந்த மாசுபட்ட காற்று வடக்கையும் கிழக்கையும் மட்டுமல்ல, கொழும்பையும் மூடியது. பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டார்கள். அந்தக் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்துச் செத்தன. அப்போது எல்லாரும் வெளியிலிருந்து வந்த புகையைப் பற்றித்தான் பேசினோம். கடல் கடந்து வந்த புகை எங்கள் நெஞ்சை அடைத்ததைக் கண்ட பின்னரும், வேலிக்கு அப்பால் எழும் புகை காற்றோடு போய்விடும் என்று ஒரு பொறுப்புள்ளவர் எப்படிச் சொல்ல முடிகிறது? எல்லைக்கு அப்பால் எரிவதை எங்களால் நிறுத்த முடியாது. எங்கள் கிடங்கில் எரிவதை நிறுத்தத் தங்களின் ஒரு கட்டளை போதும். ஆகவே மீண்டும் கேட்கிறேன்: குப்பைக்குத் தீ வைப்பதை நிறுத்துங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் ஆனி 5 ஆம் திகதி சுற்றாடல் தினத்தன்று மரக்கன்று நடுகிறோம், படம் எடுக்கிறோம், காலநிலை மாற்றத்தைப் பற்றி உரை கேட்கிறோம். வன்னிக்குக் காலநிலை மாற்றம் மேடைப்பேச்சுக்கு உரிய பொருளாக இருந்த காலம் போய்விட்டது. 2016, 2017 வரட்சியில் வெடித்துக் கிடந்த குளத்தடி வயல்களையும், 2018 மார்கழியில் ஓரிரவு மழையோடு இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு வெள்ளத்தில் அமிழ்ந்த வயல்களையும் ஒரே விவசாயிதான் கண்டார். கைத்தொழில் யுகத்துக்கு முன்னர் வளிமண்டலத்தில் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420 ஐத் தாண்டிவிட்டது. அதில் எங்கள் கிடங்கின் பங்கு கடுகளவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புகையிலுள்ள கரித்துணிக்கை வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குவது, அதே புகையிலுள்ள வாயுக்கள் வெயிலில் நைதரசன் ஒட்சைட்டுகளோடு தாக்கமுற்றுத் தரைமட்ட ஓசோனை உண்டாக்குவது, அந்த ஓசோன் பயிரின் விளைச்சலைக் குறைப்பது எல்லாம் அருகில் நடப்பவை. காட்டை வெட்டுவதும், கல்லுடைக்கும் தூசியும், அறுவடை முடிந்ததும் வைக்கோலைக் கொளுத்துவதும் எனச் சொல்ல நிறைய இருக்கிறது. அவற்றை இன்னொரு முறை பேசுவோம். இப்போது கேட்பது கிடங்கைப் பற்றி மட்டுமே.

எரிக்காவிட்டால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சபைக்கு உழவு இயந்திரங்களும் ஆட்களும் போதாது என்பது எங்களுக்குத் தெரியும். தீ வைக்க அனுப்பப்படும் தொழிலாளர்கள்மீது எங்களுக்குச் சிறிதும் கோபமில்லை. முகக்கவசம்கூட இல்லாமல், உள்ளே வெடிபொருள் ஏதும் கிடக்கிறதா என்பதும் தெரியாமல் நெருப்புக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் அவர்கள்தான். ஆனால் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. 2021 இல் இரசாயனப் பசளை திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது சேதனப் பசளை தேடி இந்த மாவட்டத்து விவசாயிகள் அலைந்த அலைச்சல் எல்லாருக்கும் நினைவிருக்கும். பசளையாகக்கூடியதைப் பொலித்தீனோடு கலந்து புகையாக்குகிறோம். கலந்து குவித்து எரிக்காமல் விட்டாலும் அது காற்றில்லாமல் அழுகி மெதேனை வெளிவிடும். நூறு ஆண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைப்போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது மெதேன். ஆகவே வீட்டுவாசலிலேயே தரம் பிரிப்பதைத் தவிர வழியில்லை. அந்தப் பொறுப்பில் பாதியை ஊர் ஏற்கிறது. உக்குவதையும் உக்காததையும் வேறாக வைக்கவும், வளவுக்குள் பொலித்தீன் கொளுத்துவதைப் பேசி நிறுத்தவும் மாதர் சங்கத்தினர் வீடு வீடாகப் போக ஆயத்தமாக இருக்கிறார்கள். சபை இரண்டையும் வெவ்வேறு நாட்களில் ஏற்றினால் போதும். பிரித்துக் கொடுத்ததை மீண்டும் ஒரே பெட்டியில் கொட்டினால் மறுகிழமை ஒருவரும் பிரிக்க மாட்டார்கள்.

அடுத்த மாதாந்த அமர்வில் இதை ஒரு பிரேரணையாக எடுத்து, கிடங்கில் தீ வைப்பது உடனடியாக நிறுத்தப்படும் என்று தீர்மானம் நிறைவேற்றும்படியும், அங்கு இரவுக் காவலாளி ஒருவரை நியமிக்கும்படியும், தரம் பிரித்துச் சேகரிக்கும் நாட்களை அறிவிக்கும்படியும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தோடும் சேர்ந்து அந்த இடத்தைப் பார்வையிடும்படியும் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொள்கிறேன். தீர்மானம் வரும்வரை காத்திருக்க அவசியமில்லாத ஒன்றும் உண்டு: இன்று இரவு தீ வைக்க வேண்டாம் என்று தாங்கள் ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லிவிடலாம். எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
ஊரவர்கள் சார்பில், வன்னி.